தரையிலிருந்து ஒரு சாண்

ஆறு வருடம் ரூவி கடையில்
இந்தப் பட்டையை விற்றவன் நான்தான்.
இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு,
நூற்றிருபது கிலோ தாங்கும் என்று
அட்டையில் இருந்ததை அப்படியே ஒப்பிப்பேன்.
வாங்கிப்போன ஒருவர்கூடத் திரும்பி வந்து
அண்ணே, இது தொடையிடுக்கை அறுக்குது
என்று சொன்னதில்லை.
கடையை மூடிவிட்டார்கள்.
இப்போது நிஸ்வாவில் ஒரு பேரீச்சை அடியில்
அதைச் சொல்ல
எனக்கும் ஒரு கடை இல்லை.

முதல் இரண்டு நாள் ஏற்றம்
தரையிலிருந்து ஒரு சாண்.
தாத் முகமது கயிற்றை மரத்தைச் சுற்றிப் பூட்டி
உட்கார் என்றான்.
மக்ரான்காரன், என்னைவிடப் பதினோரு வயது சின்னவன்.
என் உருதுவும் அவன் மலையாளமும்
எப்போதாவது வழியில் சந்தித்துக்கொள்ளும்.
உட்கார முடியவில்லை.
கால் நீட்டினால் மண்,
ஆனாலும் கை மரத்தை விடவில்லை.
கட்டிப்பிடித்தவன் சறுக்குகிறான்
சாய்ந்தவன் நிற்கிறான்.
இதை எனக்குச் சொன்னது
தோலுரிந்த முட்டி.

மாலைக்குள் சில விஷயங்கள் பிடிபட்டன.
கயிறு நெற்றி உயரத்தில் இருந்தால் முதுகு மன்னிக்கும்.
தொப்புளுக்கு இறங்கினால்
ராத்திரி முழுக்கக் கணக்குக் கேட்கும்.
முட்டிக்கு ஸ்பாஞ்ச் வேண்டும்.
சட்டைப் பையில் சாவி கூடாது.
ஏறும்முன் இரண்டு முறை மூத்திரம் போகவேண்டும்,
வராவிட்டாலும்.

மூன்றாம் நாள் எட்டு மீட்டர்.
வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை
வழி நெடுக நீட்டிக்கொண்டிருக்கிறது,
ஒவ்வொன்றையும் தாண்டக் கயிற்றைக் கழற்றவேண்டும்.
கழற்றும்முன் மற்றது பூட்டியிருக்கவேண்டும்.
கொக்கி மூடும் சத்தம் காதில் விழவேண்டும்.
அது விழாவிட்டால்
விழுவது வேறு.
ஐந்தாவது கட்டையில்
சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.
மாதிரி.
கீழே பார்க்காமல் விரலால் தடவினேன்,
நாக்கு பாதி திறந்து
ஒரு நார்த்துணுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.
எடுத்துப் போட்டேன். மறுபடி அழுத்தினேன்.
இந்த முறை கேட்டது
ஃபலாஜ் தண்ணீருக்கும் கேட்டிருக்கும்.

வந்த வேலை வேட்டை.
துப்பாக்கி வேண்டாம், காது போதும்.
சிவப்புக் கூன்வண்டின் புழு
மரத்தை உள்ளே இருந்து தின்னும்,
வெளியே இலை பச்சையாகச் சிரிக்கும்.
கன்னத்தைப் பதித்து மூச்சடக்கினால்
யாரோ பக்கத்து அறையில்
அப்பளம் நொறுக்குவது போல.
பிறகு அந்த வாடை.
இந்த ஊரில் கள் வாடை அடித்தால்
சந்தோஷப்படக் கூடாது.

போன் அடித்தது.
எடுக்கக் கூடாது என்று விதி.
எடுத்துவிட்டேன், இரண்டு கயிறும் பூட்டியிருந்தது.
என்னங்க, புது வேலை எப்படி? வேணி.
பரவாயில்லை.
வெயில்ல நிக்கணுமா?
இல்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்.
அப்பாடா என்றாள்.
பொய் இல்லை.
மட்டைகளுக்கு நடுவே
கோட்டையின் வட்டக் கோபுரம் என் கண் மட்டத்தில்.
என் செருப்பு இரண்டும் கீழே
கடுகு அளவில், ஜோடியாக.

துளையில் கம்பியை விட்டேன்.
மூன்று புழு, கட்டைவிரல் பருமன், பால் நிறம்.
அப்புறம் வண்டு ஒன்று தானாகவே வெளியே வந்து
நீண்ட மூக்கை என் பக்கம் திருப்பியது.
அதற்குப் பட்டை இல்லை, கொக்கி இல்லை,
ஆறு கால், ஆறும் மரத்தில்.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
டப்பாவுக்குள் தட்டிவிட்டேன்.

இறங்கலாம் என்று பார்த்தால்
வலது கால் இல்லை.
மரத்துப்போயிருக்கிறது, தொடையிலிருந்து கீழே.
கீழேயிருந்து தாத் முகமது
கயா ஹுவா என்கிறான்.
ஒன்றுமில்லை என்று கையாட்டி
இடது பக்கம் சாய்ந்து
கால் திரும்பி வரக் காத்திருக்கிறேன்,
எட்டு மீட்டர் உயரத்தில்,
பஸ்ஸுக்கு நிற்பவன் போல.